சித்தூர் மாணவருக்கு ஸ்பானிய மொழி

சித்தூரிலும் திருப்பதியிலும் வளரும் தமிழ்ப் பிள்ளை, கல்லூரி வாயிலை மிதிக்குமுன்னரே நான்கு மொழிகளோடு பழகிவிடுகிறது. வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் தெலுங்கு, பாடத்திட்டத்தில் இந்தி, பாடநூலில் ஆங்கிலம். இந்நான்கையும் சுமையாகக் கருதும் பிள்ளைகள் மிகச் சிலரே. கடைக்காரரிடம் தெலுங்கில் விலை பேசிக்கொண்டே, பக்கத்தில் நிற்கும் அன்னையிடம் தமிழில் "வாங்கலாமா?" என்று கேட்பது அவர்களுக்கு மூச்சு விடுவதைப் போன்றது.

இத்தகைய பிள்ளை கல்லூரியில் ஐந்தாவதாக ஓர் அயல்மொழியை, குறிப்பாக ஸ்பானிய மொழியை, எடுத்துக்கொள்ளலாமா என்னும் கேள்வி இன்று பல இல்லங்களில் எழுகிறது. எழுவது நன்றே. ஆனால் அக்கேள்வியோடு சேர்ந்து வேறொரு கருத்தும் வீட்டினுள் நுழைந்துவிடுகிறது. "இங்கே தமிழ் எதற்கு உதவப்போகிறது? அதை எழுதப் படிக்கக் கற்கும் நேரத்தை அயல்மொழிக்குக் கொடுத்தால் வேலையாவது கிடைக்கும்" என்று பெற்றோரே சொல்லக் கேட்கிறோம். சித்தூரில் மட்டுமன்று, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழன்பர் பலரும் இவ்வாறே கருதுகின்றனர். அக்கருத்து பிழையானது என்பதை ஸ்பானிய மொழியின் தொடக்கப் பாடங்களைக் கொண்டே இங்கு விளக்க விரும்புகிறேன். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவன் நான். ஆதலால் உணர்ச்சியைவிட இலக்கணத்தையே பெரிதும் நம்புகிறேன்.

ஸ்பானிய மொழி இருபது நாடுகளின் ஆட்சிமொழி. ஏறத்தாழ 50 கோடி மக்கள் அதனைத் தாய்மொழியாகப் பேசுகின்றனர். ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு ஆட்சிமொழிகளுள் அதுவும் ஒன்று. இவை எந்தக் கையேட்டிலும் காணக் கிடைக்கும் செய்திகள். நம் பகுதிக்கும் அம்மொழியாளருக்கும் உள்ள தொடர்பு அந்த அளவுக்கு எல்லோரும் அறிந்ததன்று.

திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரியில் வேங்கடபதிராயர் அரசு வீற்றிருந்த காலத்தில், 1598-இல், இயேசு சபைத் துறவியர் அவருடைய அவைக்கு வந்தனர். போர்ச்சுகலும் ஸ்பெயினும் 1580 முதல் 1640 வரை ஒரே முடியின்கீழ் இருந்த காலம் அது. அவ்வரச மரபின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1927-இல் நூலாக வெளியிட்டவரும் ஒரு ஸ்பெயின் நாட்டவரே. பார்சிலோனாவிலிருந்து வந்து பம்பாய்ப் புனித சேவியர் கல்லூரியில் வரலாறு கற்பித்த ஹென்றி ஹேராஸ் பாதிரியார்தாம் அவர். சிந்துவெளி எழுத்துகள் திராவிட மொழியைச் சார்ந்தவை என்று வாதிட்ட முன்னோடிகளுள் ஒருவராகவும் அவரைத் தமிழுலகம் அறியும். இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரைக் காணலாம். அவர் ஸ்பெயினின் வடபகுதியாகிய நவார் நாட்டில் 1506-இல் பிறந்தவர். இருமொழியும் அறிந்தோர் துணையால் செபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணி, தம் நாவால் பரதவ மக்களுக்குச் சொன்னார். முதற்படித் தமிழ் கற்ற ஸ்பெயின்காரர் என்று அவரைச் சொல்லலாம். நம் பிள்ளைகள் இப்போது செய்வது அதன் மறுதலை.

பழங்கதை போகட்டும். சித்தூரைப் போலவே இராயலசீமையைச் சேர்ந்த அனந்தபூரில் நம் காலத்திலேயே நடந்ததொன்றைக் கூறுகிறேன். பார்சிலோனாவில் 1920-இல் பிறந்த விசென்ட் ஃபெரர் 1952-இல் இந்தியாவுக்கு வந்து, 1969-இல் அனந்தபூரில் தங்கி, வறட்சியால் வாடிய ஊர்களில் கிணறும் பள்ளியும் மருத்துவமனையும் அமைக்கும் பணியைத் தொடங்கினார். 2009-இல் அவ்வூரிலேயே காலமானார். அவர் நிறுவிய கிராம வளர்ச்சி அறக்கட்டளை, ஏழைக் குடும்பங்களில் பிறந்து பட்டம் பெற்ற இளைஞர்களுக்காக அயல்மொழிப் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் ஏற்படுத்தியது. ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகள் அங்கே கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. தெலுங்குவழிப் பள்ளியில் படித்து, ஆங்கிலமே தடுமாற்றமாக இருந்த கிராமத்துப் பிள்ளைகள் அங்கு ஸ்பானியம் கற்று, பெங்களூரிலும் ஹைதராபாதிலும் உள்ள நிறுவனங்களில் பணி பெற்றனர்.

ஆங்கிலத்தில் புலமையில்லாதார் ஸ்பானியம் கற்றது எப்படி? ஆங்கிலத்தின் வாயிலாகவே ஐரோப்பிய மொழிகளை அணுக வேண்டும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். அவ்வெண்ணத்துக்கு ஆதாரம் குறைவு என்பதைக் கீழ்வரும் பாடங்கள் காட்டும்.

முதற்பாடம் ஒலியைப் பற்றியது. ஸ்பானிய நெடுங்கணக்கில் 27 எழுத்துகள். அவற்றுள் ஆங்கிலத்தில் இல்லாத எழுத்து ஒன்றே ஒன்று. அது உரோம எழுத்தாகிய 'ன' கரத்தின் தலையில் ஒரு சுழி இட்டு எழுதப்படுவது. ஆங்கில நூல்கள் இதனை விளக்கப் பத்து வரி எழுதும். தமிழ் மாணவருக்கோ ஓர் எழுத்துப் போதும்: அது நம் ஞகரம். ஞாயிறு, ஞானம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, 'நீஞோ' (சிறுவன்), 'மஞானா' (நாளை) என்ற சொற்களை முதல் நாளிலேயே பிழையின்றி உச்சரித்துவிடும்.

அடுத்து ரகர றகரங்கள். ஸ்பானியத்தில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் 'நாய்'. முன்னதில் நா மேலண்ணத்தை ஒருமுறை தொட்டு விலகும். பின்னதில் பலமுறை அதிரும். ஆங்கிலம் பேசுவோர் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. நமக்கோ இடையின ரகரமும் வல்லின றகரமும் நெடுங்கணக்கிலேயே தனித்தனி. அரம் வேறு, அறம் வேறு. இன்றைய பேச்சில் இவ்வேறுபாடு பல ஊர்களில் மங்கிவிட்டது உண்மையே. குமரி மாவட்டத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் பேசக் கேட்டால் அது செவிக்குப் புலனாகும். தெலுங்கிலும் 'பண்டி ர' என்று ஓர் எழுத்து முன்னர் வழங்கிப் பின்னர் வழக்கொழிந்தது. மேலே சொன்ன ஃபெரர் என்னும் பெயரின் நடுவிலும் ஸ்பானியர் ஒலிப்பது இந்த வல்லின ஒலியையே.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. ஸ்பானியத்தில் 'த' ஒலிக்கும் எழுத்தொன்று சொல்லின் முதலிலும் மெல்லினத்தின் பின்னும் அழுத்தமாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவே மிக மென்மையாகவும் ஒலிக்கும். எழுத்து மாறாது, இடத்துக்கேற்ப ஒலி மாறும். இதனை ஸ்பானிய இலக்கண நூல் ஒரு விதியாக எழுதி மனப்பாடம் செய்யச் சொல்கிறது. தமிழில் 'பந்து' என்னும் சொல்லிலுள்ள துகரத்தையும் 'அது' என்னும் சொல்லிலுள்ள துகரத்தையும் ஒலித்துப் பாருங்கள். விதி அங்கேயே இருக்கிறது. ககரத்துக்கும் இவ்வாறே: 'அங்கு', 'அகம்'. ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்துடைய தெலுங்கோ இந்தியோ இவ்விடத்தில் தமிழ் அளவுக்குக் கைகொடுப்பதில்லை. நம் எழுத்து முறையின் குறை என்று பிற மாநிலத்தார் கேலி பேசும் அதே பண்பு இங்கே ஊதியமாகிறது. மேலும், எழுதும்போது பகரமும் வகரமுமாக வேறுபடும் இரண்டு எழுத்துகளை ஸ்பானியர் ஒரே ஒலியாகவே சொல்வர். 'கோபம்' என்று எழுதிக் 'கோவம்' என்று பேசும் நமக்கு அது வியப்பன்று.

இனி வினைச்சொல். 'பேசு' என்பதற்கு ஸ்பானியத்தில் 'ஆப்லார்'. நான் பேசுகிறேன் 'ஆப்லோ'. நீ பேசுகிறாய் 'ஆப்லாஸ்'. அவன் அல்லது அவள் பேசுவது 'ஆப்லா'. நாம் பேசுகிறோம் 'ஆப்லாமோஸ்'. அவர்கள் பேசுகின்றனர் 'ஆப்லான்'. ஆங்கிலவழி வரும் மாணவர் இவ்வாய்பாட்டைக் கண்டு மலைக்கிறார். ஏன், என், ஆய், ஆன், ஆள், ஆர் என்று விகுதி சேர்த்தே பிறந்தநாள் முதல் பேசிவரும் நமக்கு மலைப்பதற்கு என்ன இருக்கிறது? 'வந்தேன்' என்றாலே வந்தவர் யார் என்பது விளங்கும், 'நான்' வேண்டியதில்லை. ஸ்பானியத்திலும் அப்படியே. 'யோ' என்னும் தன்மைப் பெயரை ஒவ்வொரு வாக்கியத்திலும் போட்டு, எந்நேரமும் தன்னைப் பற்றியே பேசுபவர்போல் ஒலிப்பது ஆங்கிலவழி மாணவரின் வழக்கமான குற்றம். ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. 'ஆப்லான்' என்று கேட்டவுடன் தமிழ்ச் செவி, யாரோ ஒருவன் பேசினான் என்று மயங்கும். அது பலர்பால், ஆண்பால் ஒருமை அன்று.

'இருத்தல்' என்னும் பொருளில் ஸ்பானியத்தில் இரண்டு வினைகள் உள்ளன. இவற்றை வேறுபடுத்துவதே தொடக்க வகுப்பின் பெருந்தடை என்பர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே எங்கே எது வரும் என்று அறிய நிலையானது, நிலையற்றது என்றெல்லாம் நீண்ட பட்டியல் தருகிறார்கள். தமிழ் மாணவர் அப்பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டுத் தம் வாக்கியத்தைத் தாமே கவனிக்கட்டும். 'நான் மாணவன்', 'அவர் சித்தூர்க்காரர்', 'மணி மூன்று' என்பவற்றில் நாம் வினைச்சொல்லே இடுவதில்லை. அங்கெல்லாம் ஸ்பானியத்தில் 'சேர்' என்னும் வினை வரும். 'நான் திருப்பதியில் இருக்கிறேன்', 'காப்பி சூடாக இருக்கிறது', 'கதவு திறந்திருக்கிறது' என்று 'இரு' வந்த இடத்திலெல்லாம் 'எஸ்தார்' என்னும் வினை வரும். 'பேசிக்கொண்டிருக்கிறேன்' என்னும் தொடர்வினையில்கூட நம் 'இரு' நிற்பதைப் போல அவர்களுடைய 'எஸ்தார்' நிற்கிறது. 'மலை உயரமாக இருக்கிறது' போன்ற சில இடங்களில் இவ்வழி பிறழும். அங்கே ஸ்பானியர் 'சேர்' என்பர். 'உயரமான மலை' என்று பெயரடையாக மாற்றிச் சொல்லிப் பார்த்து, அவ்வியல்பு அப்பொருளுக்கே உரியதா என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மூன்றாவதாக 'ஆய்' என்று ஒரு சொல் உண்டு. 'பால் உண்டா?', 'பக்கத்தில் உணவு விடுதி உண்டா?' என்று கேட்க உதவுவது. ஒருமைக்கும் பன்மைக்கும் நிகழ்காலத்தில் அது மாறுவதே இல்லை. தெலுங்கில் ஒன்றாயின் 'உந்தி', பலவாயின் 'உன்னாயி' என்று மாற்றவேண்டும். நம் 'உண்டு' ஒன்று உண்டு, பல உண்டு என்று இரண்டுக்கும் பொதுவாய் நிற்பது. 'ஆய்' என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் 'உண்டு' என்று படித்துக்கொண்டால் அப்பாடம் முடிந்தது.

'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்று நாம் சொல்கிறோம். நான்காம் வேற்றுமை முன்னே நிற்க, பிடிப்பது நமக்கு நேர்கிறது. ஆங்கிலமோ 'நான்' என்பதை எழுவாயாக்கி, விரும்புதலை நம் செயலாக்கிவிடும். ஸ்பானியர் 'மே குஸ்தா எல் மாங்கோ' என்பர்; 'மே' என்றால் எனக்கு. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் 'மே துவேலே லா கபேசா' என்று சொல்லுக்குச் சொல் நம்மைத் தொடரும். தமிழில் 'அவளை எனக்குப் பிடிக்கும்' என்று ஐ உருபு வரும். ஸ்பானியத்தில் பிடித்த பொருளே எழுவாயாகி, அது பலவாயின் வினையும் பன்மையாகும். வேறுபாடு அவ்வளவே.

எனக்கு மிகவும் இன்பம் தந்தது ஐ உருபைப் பற்றிய செய்தி. 'மரம் வெட்டினான்' என்று ஐ உருபைத் தொக்கு நிற்கவிட்டு எழுதலாம். அஃறிணை அதற்கு இடம் தரும். 'அம்மா பார்த்தேன்' என்று எழுதமுடியாது. 'அம்மாவைப் பார்த்தேன்' என்றே சொல்லவேண்டும். உயர்திணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு தொகாது என்பது நம் இலக்கணம் வகுத்த நெறி. ஆறாயிரம் கல் தொலைவிலுள்ள, நம் மொழியோடு எவ்வித உறவும் இல்லாத ஸ்பானியத்தில் இதே நெறி காணப்படுகிறது. 'பேஓ லா காசா' என்றால் 'வீடு பார்க்கிறேன்', உருபு இல்லை. 'பேஓ ஆ மி மாத்ரே' என்றால் 'என் அன்னையைப் பார்க்கிறேன்'. மனிதரைச் சுட்டும்போது 'ஆ' என்னும் சொல் கட்டாயமாக வரும். ஆனால் இன்னார் என்று குறியாது, யாரேனும் ஒரு செயலாளர் வேண்டும் என்று தேடினால் ஸ்பானியரும் அந்த 'ஆ'வை விட்டுவிடுவர். நம் வீடுகளில் 'பெண் பார்க்கப் போனார்கள்' என்பதற்கும் 'பெண்ணைப் பார்க்கப் போனார்கள்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் உரை வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இதனை விளக்க ஒரு சான்றும் கிடையாது.

மரியாதை வழக்கும் அப்படியே. நெருங்கியவரைத் 'தூ' என்றும் மதிப்புக்குரியவரை 'உஸ்தேத்' என்றும் அழைக்கவேண்டும். 'உஸ்தேத்' முன்னிலையைக் குறித்தாலும் அதற்குப் படர்க்கை வினையே முடிபு. காரணம், அது 'தங்கள் கருணை' என்னும் பொருளுடைய பழந்தொடரின் சிதைவு. மடத்துத் தலைவரிடம் 'சந்நிதானம் எப்போது எழுந்தருளும்?' என்று அவரை எதிரே வைத்துக்கொண்டே படர்க்கையில் கேட்பது நம் மரபு. அதே பணிவுதான் அங்கும் சொல்லாகிச் சுருங்கியிருக்கிறது.

இவ்வளவு சொன்னதனால் ஸ்பானியம் தமிழருக்கு எளிது என்று யாரும் முடிவு கட்டிவிடவேண்டாம். உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு என்பது பெருந்தொல்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். பொருள் நோக்கித் திணை வகுத்த நம் அறிவுக்கு இது சிறிதும் ஒவ்வாது. பெண்ணுக்கும் பசுவுக்கும் ஒருமையில் ஒரே வினைமுடிபு தரும் தெலுங்கைப் பழகியதனால், பால் பாகுபாடு மொழிக்கு மொழி மாறும் என்பதையாவது சித்தூர்ப் பிள்ளை ஒப்புக்கொள்ளும். இந்தி வழங்கும் மாநிலங்களில் வாழ்வோருக்கு இத்தொல்லை பழகியதே; எனினும் இந்தியில் பெண்பாலாகிய புத்தகம் ஸ்பானியத்தில் ஆண்பால் என்பதால், ஒன்றின் பட்டியலை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல இயலாது. ஓகாரத்தில் முடிவன பெரும்பாலும் ஆண்பால், ஆகாரத்தில் முடிவன பெரும்பாலும் பெண்பால் என்று கொள்ளலாம். ஆனால் 'நாள்' என்னும் பொருளுடைய 'தீஆ' ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பால். 'கை' என்னும் பொருளுடைய 'மானோ' ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால்.

அழுத்தம் மற்றொரு தொல்லை. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ஸ்பானியத்தில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பது பொருளை மாற்றும். 'ஆப்லோ' என்பதன் முதலசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. ஈற்றசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. 'பாபா' என்பதும் அவ்வாறே: முதலில் அழுத்தினால், அமெரிக்க நாடுகளின் வழக்கில், உருளைக்கிழங்கு, ஈற்றில் அழுத்தினால் அப்பா. இதற்குத் தமிழிலிருந்து உதவி ஏதும் வராது. கேட்டுக் கேட்டே பழகவேண்டும். வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே வராமல் தனிச்சொற்களாக முன்னே நிற்பதும், 'வெள்ளை வீடு' என்பது 'வீடு வெள்ளை' என்று முறைமாறி வருவதும் சில வாரப் பயிற்சியில் அடங்கும்.

சொற்களைப் பொறுத்தவரை நாம் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. ஸ்பானியத்தின் உடன்பிறப்பாகிய போர்ச்சுகீசியம் நம் கடற்கரையில் நெடுங்காலம் வழங்கிய மொழி. மேசையும் அலமாரியும் சப்பாத்தும் பாதிரியும் அதன்வழி நமக்கு வந்தவை. ஸ்பானியத்தில் அவை 'மேசா', 'அர்மாரியோ', 'சபாத்தோ', 'பாத்ரே'. சாவி அங்கே சற்று உருமாறியிருக்கும். ஜன்னலுக்கும் ஏலத்துக்கும் ஸ்பானியர் முற்றிலும் வேறு சொல் வழங்குவர். அவ்விரண்டையும் நம்பிப் பயனில்லை. கொடுத்த கடனும் உண்டு. கட்டுமரமும் கொப்பரையும் ஸ்பானிய அகராதியில் இடம்பெற்றுள்ளன. மாங்காயோ போர்ச்சுகீசியர் வாயில் 'மாங்கா'வாகிப் பின் 'மாங்கோ'வாயிற்று. கிளிமூக்கு மாங்காயைப் பிழிந்து கூழாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஆலைகள் நிறைந்த சித்தூரில் இச்சொல்லைக் கற்பிக்கச் சிரமமில்லை. மதனப்பள்ளிச் சந்தையில் மலைமலையாகக் குவியும் தக்காளி மெக்சிகோ நாட்டிலிருந்து 'தொமாத்தே' என்ற பெயரோடு ஸ்பானியர் உலகுக்குப் பரப்பியது. சப்போட்டாப் பழத்தின் பெயரும் அந்நாட்டு மொழியிலிருந்து ஸ்பானியத்தின் வழியே வந்ததே. வடஆர்க்காட்டுப் பாட்டிமார் நிலக்கடலையை 'மணிலாக்கொட்டை' என்றும் 'மல்லாட்டை' என்றும் சொல்வர். அந்த மணிலா, ஸ்பெயின் 1898 வரை ஆண்ட பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரமே. ஸ்பானிய மொழியில் அக்கடலைக்கு வேறு பெயர் என்பது வேடிக்கை.

இவற்றையெல்லாம் பயன்படுத்திக்கொள்ள ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருக்கவேண்டும். பேச மட்டுமன்று, விகுதி இது, உருபு இது என்று பிரித்தறியும் அளவுக்கேனும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். இங்கேதான் நம் கவலை. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோதும், 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோதும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும் கோடுகள் மாறினவேயன்றி, கோட்டின் இருபுறமும் இருமொழியாளர் வாழ்வது மாறவில்லை. நகரியிலும் சத்தியவேட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகள் நடந்து வந்துள்ளன. திருப்பதித் திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில் 1960 முதல் தமிழ்ப்பணி ஆற்றிய ந. சுப்பு ரெட்டியார், தமிழ் கற்பிக்கும் முறையைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதியவர். மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்தில் 1997-இல் திராவிட மொழிகளுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. வாய்ப்புக்குக் குறைவில்லை. ஆயினும் மதிப்பெண்ணைக் கருதி எம்மொழியையும் எடுத்து எம்மொழியையும் விடும் பழக்கம் நம் இல்லங்களில் பெருகிவருகிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை கடைப்பலகையிலுள்ள தமிழைப் படிக்க இயலாமல் நிற்கிறது. அப்பிள்ளை ஸ்பானிய வகுப்பிலும் ஆங்கிலப் பட்டியலையே மனப்பாடம் செய்யும். 'உண்டு' என்ற ஒரு சொல்லால் தீரும் பாடத்துக்கு ஒரு வாரம் செலவிடும்.

கற்க விரும்புவோர்க்கு இடங்கள் உள்ளன. ஹைதராபாதில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும், தில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் ஸ்பானியம் பயிற்றுகின்றன. ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிலையம் 2009 முதல் தில்லியில் இயங்குகிறது. 'தேலே' என்னும் தேர்வுச் சான்றிதழை வழங்குவது அந்நிலையமே. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். கல்லூரியில் தொடக்கப் பாடமாக எடுப்போர் முதற்படியாகிய ஏ1-ஐ இலக்காகக் கொள்ளலாம்.

படிக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பது முதல் வாரத்துக்கு மேல் வேண்டாம். பகரத்தின் வன்மையும் மென்மையும் நம் எழுத்தில் வேறுபடா. 'பாத்தா' என்று எழுதிவைத்தால் அது விலங்கின் காலா, மேலங்கியா என்று பிறகு தெரியாமற்போகும். இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் எழுதியது அச்சின் வசதி கருதியே. உரோம எழுத்தில் ஸ்பானியம் எழுதியவாறே ஒலிப்பது, அதில் அச்சமில்லை. குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் ஸ்பானிய வாக்கியத்தை அதன் எழுத்திலேயே எழுதுக. இடப்பக்கத்தில், ஆங்கிலப் பொருளை எழுதாமல், அதே கருத்தை வீட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படியே தமிழில் எழுதி, விகுதியையும் உருபையும் கோடிட்டு வைக்கவேண்டும். தெலுங்கு பொருந்தும் இடத்தில் தெலுங்கையும் சேர்க்கலாம். தமிழ் எழுதப் பழகாத பிள்ளையாயின், அந்த இடப்பக்கத்தைப் பெற்றோரோ பாட்டனாரோ எழுதிக் கொடுத்து, பிள்ளையைக் கொண்டு அதைப் பார்த்தெழுதச் செய்யலாம். வாரத்துக்கு நாலைந்து வாக்கியங்களுக்கு மேல் வாரா.